பதினெட்டாவது வரி

அபுதாபி
9.1.2026, வெள்ளிக்கிழமை

பெட்டிக்குள் தமிழில் எழுதியவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை இந்த வீட்டுக்கு வந்த மரப்பெட்டியின் உள்பக்கத்தில் ‘இந்தப் பக்கம் மேலே, போட்டுடாதே’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதை எழுதியவர்தான் பித்தளைத் தகட்டையும் செய்திருப்பார் என்று நினைத்து எழுதுகிறேன். வேறு ஆள் என்றால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் முதலாளியிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

நான் கஜந்தினி. சொந்த இடம் கிளிநொச்சி. நான்கு வருடமாக இந்த வீட்டில் க்ளைன் ஐயாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஐயாவுக்குத் தொண்ணூறு வயது. மகள் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டொக்டர்.

அந்தத் தகட்டில் இருப்பவர்கள் ஐயாவின் சொந்தக்காரர்கள். யூதர்கள். 1942இல் ஸ்லோவாக்கியாவில் அவர்கள் ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். ஒருவருக்கும் கல்லறை இல்லை. வருகிற 27ஆம் திகதி அப்படிப் போனவர்களை நினைக்கிற நாள். அன்றைக்குப் பன்னிரண்டு பேர் இங்கே வருவார்கள். தகட்டைச் சுவரில் ஏற்றி, மெழுகுதிரி கொளுத்தி, பெயர்களை வாசிப்பார்கள்.

ஐயாவுக்குக் கண்ணின் நடுவில் பார்வை இல்லை. அதனால்தான் அச்சடிக்காமல் செதுக்கச் சொன்னது. விரலால் வாசிப்பார். தகடு வந்த அன்று பின்னேரம் கதிரையில் இருந்துகொண்டு முதல் வரியிலிருந்து தடவிக்கொண்டு போனார். கடைசிக்கு வந்ததும், “முப்பது” என்றார். திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். பதினேழாவது வரியில் விரல் நின்றது.

“யாகோப்” என்றார். பிறகு என்னைக் கேட்டார்: “மற்ற யாகோப் எங்கே?”

டொக்டர் எழுதிக் கொடுத்த லிஸ்ட் என்னிடம் இருக்கிறது. யாகோப் க்ளைன் என்று பதினேழிலும் இருக்கிறது, பதினெட்டிலும் இருக்கிறது. நீங்கள் ஒரு பிள்ளையை விட்டுவிட்டீர்கள். அவனுக்கு எட்டு வயது.

நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்து டொக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறா. எண்ணிப் பார்க்கவில்லை. ஐயா, “மகளுக்குச் சொல்லாதே, அவள் நித்திரை கொள்ள மாட்டாள்” என்கிறார். ஆனபடியால் தகட்டைத் துணி சுற்றி அவருடைய அறையில் வைத்திருக்கிறோம்.

பின்னேரங்களில் நாங்கள் நடக்கப் போவோம். வலது காலுக்கு நான் சப்பாத்துப் போட்டுவிடுவேன். இடது காலைத் தொட விடமாட்டார். குனிந்து, மூச்சு வாங்கி, தானே போடுவார். பத்து நிமிடம் ஆகும். தகடு வந்ததிலிருந்து அந்தச் சப்பாத்தை அவர் கேட்கவே இல்லை.

இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். என் போன் நம்பரைத் தரமாட்டேன். முன்பின் தெரியாத ஆம்பிளைகளுக்கு நம்பர் கொடுத்துப் பட்டது போதும். உங்கள் வான் டிரைவர் சித்தீக் செவ்வாயும் சனியும் இந்தப் பக்கம் வருவாராம். வெறும் பெட்டியை எடுக்க நாளைக்கு வரும்போது இதைக் கொடுக்கிறேன்.

கஜந்தினி


ஷார்ஜா
12.1.2026, திங்கள்

அம்மா அவர்களுக்கு,

பெட்டியில் எழுதியதும் நான்தான், தகட்டை வெட்டியதும் நான்தான். பெயர் சோலைமுத்து. ஊர் முதுகுளத்தூர் பக்கம். இந்த போர்டு ஷாப்பில் பதினான்கு வருஷமாக டிராயிங்கும் மெஷினும் பார்க்கிறேன்.

முகம்மது சித்தீக் பாய் உங்கள் கடிதத்தை எல்லார் முன்னாலும் நீட்டி, “வாட்ஸ்அப் இருக்குற காலத்துல காயிதம் வருது மாப்புளைக்கு. ஊருக்குப் போன் போட்டு நாகவள்ளிட்டச் சொல்லட்டா?” என்று கேட்டார். நாகவள்ளி என் மனைவி. ரூமே சிரித்தது. நான் பாத்ரூமுக்குள் போய்ப் படித்தேன். வெளியே வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அந்த வரியை எடுத்தது நான். எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் பாஸ்போர்ட்டில் சோலைமுத்து கருப்பையா என்று இருக்கிறது. கருப்பையா என் அப்பா. ரூமில் எட்டுப் பேருக்கும் அப்படித்தான், பின்னால் வருவது அப்பா பெயர். லிஸ்டில் க்ளைன் என்று பதினொரு இடத்தில் இருந்தது. அந்தக் காலத்து மனுஷன், பதினொரு பிள்ளை இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரே அப்பா இரண்டு மகன்களுக்கு ஒரே பெயர் வைப்பாரா? அதனால் டாக்டரம்மா டைப் பண்ணும்போது ஒரு வரி இரண்டு தடவை விழுந்துவிட்டது என்று முடிவு செய்து ஒன்றை அழித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கம்பெனி போர்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்ததை அப்படியே வெட்டி அனுப்பிவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும், “அந்தா ஹை க்யா?” என்றார். கண் தெரியாதா என்று அர்த்தம். அதிலிருந்து இரட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கம்.

ஆர்டர் சீட்டில் ‘குடும்பப் பெயர்ப் பலகை’ என்று மட்டும்தான் இருந்தது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ப்ரூஃபும் அனுப்பினோம், சைன் ஆகித்தான் வந்தது. இதைத் தப்பிக்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி வரிக்குக் கீழே இருபத்திரண்டு மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அதில் இன்னொரு வரி தாராளமாக உட்காரும். சனிக்கிழமை தகட்டைச் சித்தீக் பாயிடம் கொடுத்துவிட்டால் ஞாயிறு லீவில் வெட்டி செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்புகிறேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாது, என் முதலாளிக்கும் தெரியாது.

மன்னிக்கவும் என்று ஐயாவிடம் சொல்லுங்கள்.

சோலைமுத்து


அபுதாபி
16.1.2026, வெள்ளிக்கிழமை

தம்பி சோலைமுத்துவுக்கு,

கையெழுத்தைப் பார்த்தால் என்னைவிட இளையவர் போலத் தெரிகிறது. தம்பி என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஐயாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். கடைசி வரிக்குக் கீழே என்றதும் தலையை ஆட்டினார். “பிறகு ஞாபகம் வந்தவனைப் போல அவனை அடியில் வைக்க வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்” என்றார். எனவே தகட்டை அனுப்பவில்லை.

பெயர் விஷயத்தையும் சொன்னேன். எங்களுக்கும் தகப்பன் பெயர்தான், க்ளைன் என்றால் தகப்பன் என்று நினைத்துவிட்டார் என்று விளக்கினேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். மகளுக்குக்கூடச் சொல்லாத கதை என்றார். உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். காரணம் கடைசியில் இருக்கிறது.

அவர்களுடைய தாத்தாவின் பெயர் யாகோப். அவர் செத்த பிறகு மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு பையன் பிறந்தான். மூன்று பேருக்கும் தாத்தாவின் பெயரை வைத்தார்கள். பெரிய யாகோப்புக்கு ஒன்பது வயது. நடு யாகோப்புக்கு எட்டு. சின்ன யாகோப்புக்கு ஏழு. சின்னவர்தான் எங்கள் ஐயா.

1942ஆம் வருடம், குளிர் விட்ட மாதம். அவருடைய தகப்பனை முதலே வேலைக்கென்று கொண்டுபோய்விட்டார்கள். மிச்சப் பேரைப் பள்ளிக்கூட முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். வகுப்பறை மேசை ஒன்றை வெளியே போட்டு ஒரு கிளார்க் லிஸ்டோடு இருந்தான். அவன் பெயரை வாசிக்க, வாசிக்க, ஆட்கள் மறுபக்கம் போய் நிற்க வேண்டும்.

யாகோப் க்ளைன் என்று வாசித்தான். பெரிய யாகோப் போனான். திரும்பவும் யாகோப் க்ளைன் என்று வாசித்தான். நடு யாகோப் போனான். மூன்றாம் தரம் வாயைத் திறந்தவன் வாசிக்கவில்லை. தாளைக் குனிந்து பார்த்தான். பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு கோடு போட்டான். அடுத்ததாக வாசித்தது ஐயாவின் அம்மாவுடைய பெயர்.

அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றா. போக முதல், தன்னுடைய காலை அவருடைய இடது சப்பாத்தின் மேல் வைத்து அழுத்தினா. பிறகு காலை எடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து போனா.

ஐயா அசையவில்லை. பள்ளிக்கூடம் கூட்டுகிற மனுசி ஒரு வாளியை அவர் கையில் தந்து, தன் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல வாசலால் கூட்டிக்கொண்டு போனாவாம். மூன்று குளிர்காலம் அவதான் ஒளித்து வைத்திருந்தா.

ஐயா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மூன்று இடத்தில் ஒரே பெயர். ஒரே எழுத்து. அவன் கோடு போட்டது எங்களில் யாரை என்று யாருக்குத் தெரியும்? அது பெரியவனாக இருக்கலாம். நடுவிலானாக இருக்கலாம். அவர்கள் கூப்பிட்டவுடன் போய்விட்டார்கள். நான் நின்றேன்.”

எண்பத்துமூன்று வருடமாக அந்தக் கிளார்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தாராம். கோடு போடும்போது உன் மனதில் என்ன இருந்தது? இரக்கமா? வேறு ஏதாவதா? அவனைக் கேட்க முடியாது. “உன்னுடைய தமிழனிடம் கேள். இப்படி ஒரு வரியை அடித்தவர்களில் நான் கதைக்கக்கூடிய ஆள் அவன்தான். உண்மையைச் சொல்லச் சொல்” என்றார்.

பழி சொல்வதாக எடுக்க வேண்டாம். உண்மையிலேயே கேட்கிறார்.

கஜந்தினி அக்கா


ஷார்ஜா
18.1.2026, ஞாயிறு

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கினேன். இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். அதில் எல்லாம் என்னை நல்லவனாக எழுதியிருந்தேன்.

உண்மை இதுதான். அந்த வரியை அழிக்கும்போது என் மனதில் யார் மேலும் ஒன்றும் இல்லை. இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அது ஒரு ஆள் என்றே தோன்றவில்லை. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. டாக்டருக்குப் படித்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன் என்று கொஞ்சம் பெருமை. டெலீட் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் யாரிடமும் அதைச் சொல்லக்கூட இல்லை.

இதை ஐயாவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் உண்மையைக் கேட்டார்.

பத்தாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் இதைப் பற்றி நான்கு வரி இருந்தது. கொல்லப்பட்ட யூதர்கள் எத்தனை பேர்? அறுபது லட்சம். ஒரு மார்க் கேள்வி. எனக்கு அந்த ஒரு மார்க் கிடைத்தது. நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். இந்த ஒரு தகட்டுக்கு எனக்கு மெஷினில் மூன்று மணி நேரம் ஆனது. அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் தாத்தா பெயரும் சோலைமுத்து. பெரியப்பா மகனும் சோலைமுத்துதான். அவனும் இந்த நாட்டில்தான், ரூவைஸில் பைப் வெல்டர். ஊரில் அவன் ரா. சோலைமுத்து, நான் க. சோலைமுத்து. அந்த ஒரு எழுத்துதான் எங்கள் இரண்டு பேரையும் இரண்டு ஆளாக வைத்திருக்கிறது. ஒரு தடவை அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் விட்டுப்போய், சோலைமுத்து என்று ஒரு தடவை மட்டும் அச்சாகி, என் பெயரைப் போடவில்லை என்று எங்கள் அம்மா ஒரு மாசம் அவர்களோடு பேசவில்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். லிஸ்டில் இனிஷியல் இருந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். இல்லாதபோதும் கேட்டிருக்க வேண்டும். ஒரு போன்.

அதனால் ஒரு யோசனை. முழுத் தகட்டையும் புதிதாகவே வெட்டுகிறேன். பதினேழிலும் பதினெட்டிலும் அந்தப் பையன்களின் அப்பா பெயரைச் சேர்த்துவிடலாமா? அதன்பிறகு எந்த ஊர்க்காரன் பார்த்தாலும் இரண்டையும் ஒன்று என்று நினைக்க முடியாது. ஐயாவுக்குச் சம்மதம் என்றால் அப்பாக்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, செவ்வாய்க்கிழமை சித்தீக் பாயை நிறுத்தி வைத்தாவது கொடுத்தனுப்புங்கள். 27க்கு முன்னால் அவர் வருவது அதற்குப் பிறகு ஒரே தடவைதான். 24ஆம் தேதி சனிக்கிழமை. 27ஆம் தேதி செவ்வாய்தான், ஆனால் அவர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்.

உங்களுக்குக் கிளிநொச்சி என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் எல்லாரும்? கேட்டது தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

க. சோலைமுத்து


அபுதாபி
20.1.2026, செவ்வாய்

தம்பி,

சித்தீக் அண்ணை வாசலில் நிற்கிறார். “யக்கா, பொட்டி இல்லாமக் காயிதம் மட்டும் சுமக்குற வண்டி ஆயிருச்சு என் வண்டி. யல்லா, அடுத்த வீட்டுக்குப் போவணும்” என்கிறார். “பொறுங்கோ அண்ணை, ரெண்டு வரி கிடக்கு” என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அப்பாக்களின் பெயர்களை ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதிய தாள் இத்துடன் இருக்கிறது. பெரிய யாகோப் ஷிமோனின் மகன். நடு யாகோப் லாசரின் மகன். அவர்களுடைய கோயிலில் ஒருவரை முன்னுக்குக் கூப்பிடுவதே இப்படித்தானாம், இன்னாரின் மகன் இன்னார் என்று. “இதை நான் அல்லவா நினைத்திருக்க வேண்டும்” என்றார்.

டீக் கதையைச் சொன்னேன். கையை மேசையில் வைத்தபடி கேட்டார். பிறகு, “அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்” என்றார். நான் எழும்பிப் போகும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அதை உங்களுக்குக் கட்டாயம் எழுத வேண்டும்: “அந்தக் கிளார்க் மற்றப் பெயர்களை எல்லாம் அனுப்புவதற்காக வாசித்தான். உன் தம்பி மற்றப் பெயர்களை எல்லாம் இருக்க வைப்பதற்காகச் செதுக்கினான். அடித்த கோடு ஒன்றுதான். ஆட்கள் ஒன்றில்லை.”

நீங்கள் கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். ஹோர்ன் அடிக்கிறார்.

கஜந்தினி


ஷார்ஜா
23.1.2026, வெள்ளி

அக்கா,

தகடு பெட்டிக்குள் இருக்கிறது. முப்பத்தொரு வரி. வெட்டி முடித்த பிறகு லைட்டை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எண்ணினேன். மூன்று தடவை. பிறகு சித்தீக் பாயையும் எண்ணச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார். என்ன என்று கேட்கவில்லை. அவருக்கும் முப்பத்தொன்று வந்தது.

புதன்கிழமை டூட்டி முடிந்த பிறகு எல்லாரும் போனதும் வெட்டினேன். மறுநாள் காலையில் முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். ஷாப்பில் கேமரா இருக்கிறது. அவர் பார்த்துக் கேட்பதைவிட நான் சொல்வது மரியாதை. “பார்ட்டி சைன் கர் தியா, கலாஸ். உன்னை யார் கேட்டது?” என்று கத்தினார். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு நமக்குப் பொறுப்பில்லை என்பது அவர் சொல்வது. என் விசா மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். பேசட்டும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போடக் கூடாது என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒத்துக்கொண்டார். பதிலுக்குப் பழைய தகட்டைத் திருப்பிக் கேட்கிறார். பழைய பித்தளையை எல்லாம் சேர்த்து அஜ்மானில் உருக்கக் கொடுப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை சித்தீக் பாயிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்பா பெயர் சேர்த்ததில் அந்த இரண்டு வரியும் மற்ற வரிகளைவிட நீளமாகப் போய்விட்டது. தகட்டைத் தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு பேர் ஓர் அடி முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். சரிசெய்ய எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். ஐயாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

க. சோலைமுத்து


அபுதாபி
28.1.2026, புதன்கிழமை

அன்புத் தம்பிக்கு,

பழைய தகட்டை நேற்றுச் சித்தீக் அண்ணையிடம் கொடுக்கவில்லை. உருக்கக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்ததை நான் யோசிக்காமல் ஐயாவுக்கு வாசித்துவிட்டேன். “இந்தப் பெயர்களையா?” என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. தகட்டைத் துணியில் சுற்றி அவருடைய உடுப்பு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். தர மாட்டோம் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். எனக்கு அவர் என்ன செய்வார்?

நேற்று ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேர் என்றது பதினைந்தாகி, பக்கத்து வீட்டில் கதிரை கடன் வாங்கினேன். ஆளுக்கு இரண்டு பெயர் வாசிப்பது என்று டொக்டர் பிரித்துக் கொடுத்தா. பதினேழும் பதினெட்டும் ஐயாவுக்கு. ஒவ்வொருவரும் தாளைப் பார்த்து வாசித்தார்கள். ஐயாவின் முறை வந்ததும் எழும்பிச் சுவரடிக்குப் போனார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் அந்த வரிகளுக்கு வந்ததும், நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு போவதை உணர்ந்துவிட்டார். அங்கேயே நின்று இரண்டு தரம் தடவினார். சின்னதாக்காமல் விட்டது நல்லது, தம்பி.

“ஷிமோனின் மகன் யாகோப்” என்றார். விரலை இறக்கினார். “லாசரின் மகன் யாகோப்.”

அடுத்த ஆள் வாசிக்க எழும்பினா. ஐயா கதிரைக்குத் திரும்பவில்லை. என்னிடமிருந்து கையை விடுவித்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல வலது கையை உயர்த்தினார். “தாவீதின் மகன் யாகோப்” என்றார். பிறகு எனக்கு விளங்காத ஒரு சொல். டொக்டரின் கையில் இருந்த தாள் கீழே விழுந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று ஆட்கள் போன பிறகு டொக்டரைக் கேட்டேன். “இங்கே இருக்கிறேன்” என்பதாம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்கிறது.

பிறகு தகப்பனும் மகளும் கன நேரம் கதைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு நான் கோப்பைகளைக் கழுவினேன். வெளியே வந்த டொக்டரின் கண் வீங்கியிருந்தது. என்னைக் கட்டிப் பிடித்தா. முற்றத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார். தகட்டுக் கதையைச் சொல்லவில்லை, அந்த இரண்டு வரியிலும் தகப்பன் பெயரைத் தான் சேர்க்கச் சொன்னதாக மட்டும் சொன்னாராம். உங்கள் முதலாளியை விட்டால் அது எங்கள் நாலு பேரோடும் இருக்கட்டும், சித்தீக் அண்ணையும் சேர்த்து.

நீங்கள் கேட்டதற்கு: இரண்டு தம்பிமார். 2009. திகதி தெரியாது. அவர்களுடைய பெயர்களை இந்தத் தாளில் எழுத இரண்டு தரம் பேனையை எடுத்தேன். இன்னும் முடியவில்லை. முடிகிற அன்று உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன். வெட்டித் தருவதற்கு அல்ல. வாசிக்க.

விசா விஷயம் என்ன ஆனாலும் எழுதுங்கள். நம்பரையும் கீழே எழுதியிருக்கிறேன். வீணாக அடிக்க வேண்டாம்.

இன்று பின்னேரம் நடக்கப் புறப்பட்டோம். வலது காலுக்குச் சப்பாத்துப் போட்டு, நாடாவைக் கட்டிவிட்டு, வழக்கம்போல எழும்பி விலகி நின்றேன். ஐயா குனியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு இடது காலை என் பக்கம் நீட்டினார்.

ம. கஜந்தினி